கிழக்கே நின்ற பிறை

அத்தியாயம் 11

முதலில் திரும்பிப் பார்த்தவள் ஐஸ்வர்யாதான்.

“சார், நிலா நமக்கு முதுகுப் பக்கம் நிக்குது.”

சீனிவாசகம் திரும்பவில்லை. முள்வேலிக்கு அப்பால், கிழக்கே, பட்டாசுக் கம்பெனியின் ஷெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒற்றை அறைகளாக நின்றன அவை. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில்தான் இருட்டு முதலில் வந்து உட்கார்ந்திருந்தது. பதினான்காம் எண் ஷெட் இருக்க வேண்டிய இடத்தில் ஷெட் இல்லை. ஒரு சிமெண்ட் தளம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

2001, பிப்ரவரி 25, ஞாயிறு. அமாவாசை கழிந்து இரண்டு நாள். மேற்கே, ஆனைக்குட்டம் அணைக்கரைக்கு மேல், கிண்ணத்தை மல்லாத்தி வைத்ததுபோலப் பிறை. அதற்கும் மேலே வெள்ளி, கண்ணைக் குத்துகிற வெளிச்சத்தோடு.

“பிறை பார்க்கணும்னா மேற்கே பார்க்கணும். பதினாலாம் நம்பர் ஷெட் கிழக்கே இருக்கு. சாட்சி சொன்ன அந்தப் பொண்ணு ரெண்டையும் ஒண்ணாப் பார்த்தேங்கா. கழுத்து ரப்பரா சார் அவளுக்கு?”

சீனிவாசகம் அதற்கும் பேசவில்லை. ரயில்வேயில் இருபது வருடம் விபத்து விசாரணைக் குறிப்புகள் எழுதிவிட்டு வந்தவர். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். மிளகாய் நெடியில் வருகிறவர்கள் எல்லோரும் தும்முவார்கள். அவர் மட்டும் தும்மமாட்டார், பேசவும் மாட்டார். அவருடைய மௌனத்துக்கு மீட்டர் பொருத்தினால் ஆட்டோவைவிட நன்றாக ஓடும் என்பது, மூன்று வருடமாக அவரிடம் உதவியாளராக இருக்கும் ஐஸ்வர்யாவின் கருத்து.

பத்து நாள் முன்பு தங்கத்தாய் அந்த மாடிப்படி ஏறி வந்தாள். அவள் புருஷன் முனியராஜ் இந்தக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். போன வருடம் ஜூலை முதல் தேதி இருவருக்கும் சண்டை. உப்புப் பெறாத விஷயம் என்றாள். அவன் துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். எங்கே போனான், எங்கே தங்கினான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆகஸ்டில் அவள் போலீசுக்குப் போனாள். போலீஸ் வீடு வீடாக விசாரித்ததில் ஒரே ஒருத்திதான் வாய் திறந்தாள். கம்பெனி வேலியை ஒட்டிய வீட்டில் வாழும் மாரிசெல்வி. பிறை தெரிந்த அன்றைக்கு, எட்டரை பஸ் போன பிறகு, முனியராஜ் வேலிச் சந்து வழியாகக் கம்பெனிக்குள் போனதைப் பார்த்தேன், பிறை பதினாலாம் நம்பர் ஷெட்டுக்கு மேல் நின்றது என்றாள். எழுதிக்கொண்ட அதிகாரி அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தார். அமாவாசையிலிருந்து எண்ணினால், ஜூலையில் பிறை தெரிந்த நாள் மூன்றாம் தேதி. அதையே எழுதினார்.

பிறகு கம்பெனி போர்மேன் வெள்ளைத்துரையைக் கேட்டார்கள். ஆமாம், மூன்றாம் தேதி வந்தான், திருப்பூருக்குப் போகிறேன், கூட ஒருத்தி வருகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான் என்றார் அவர். அதோடு கோப்பு மூடப்பட்டது. ஊர் தங்கத்தாயை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது.

அவள் கேட்டது ஒன்றுதான். புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லவில்லை. “என்னை விட்டுட்டுப் போனாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி வந்து வாசல்ல நிக்கிறாக. பேச மாட்டேங்கிறாக. விட்டுட்டுப் போனவக எதுக்கு வந்து நிக்கணும்?”

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் சீனிவாசகம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வேலிக்கு வெளியே இப்போது முழுதாக இருட்டிவிட்டது. பதினாலாம் ஷெட் போன ஜூலை பதினாறாம் தேதி வெடித்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி. லீவு நாள், உள்ளே ஆள் இல்லை, மருந்து வெக்கையில் தானாகப் பற்றிக்கொண்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. எட்டே நாளில் அந்த இடத்தில் தளம் போட்டார்கள். அக்கம்பக்கத்து ஷெட்டுகளில் வேலை செய்யும் பெண்கள் சாயங்காலம் ஐந்துக்கு மேல் அங்கே நிற்பதில்லை. காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

“தளம் போட்டவுக சுவர் எழுப்ப மறந்துட்டாக போல,” என்றாள் ஐஸ்வர்யா.

சீனிவாசகம் முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

*

மறுநாள் காலை வெள்ளைத்துரை டீக்கடையில் கிடைத்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளி நிறத் தூள் ஏறிய நகங்கள். இவர்களைக் கண்டதும் பெஞ்சில் இடம் ஒதுக்கி, டீ சொல்லி, ஊர்வெயிலைப் பற்றிப் பேசினார். முனியராஜ் பெயர் வந்ததும் வருத்தப்பட்டார். நல்ல வேலைக்காரன், பெண் விஷயத்தில் புத்தி கெட்டுப்போனான் என்றார். சீனிவாசகம் கேட்டது, அன்று அவனை எப்படிப் பார்த்தீர்கள் என்பதை மட்டும்தான்.

“எட்டரை பஸ் அப்பந்தான் போச்சு சார். பதினாலாம் நம்பர் ஷெட்டுக்கு மேல பிறை நின்னுச்சு. அதுக்குக் கீழ பையத் தூக்கிட்டு நிக்கான். நானே கண்ணால பார்த்தேன்.”

“மூணாம் தேதி.”

“மூணாம் தேதிதான். காலண்டர்லயே இருக்குல்ல.”

சீனிவாசகம் டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. வெள்ளைத்துரைக்கு அந்த மௌனம் பழக்கமில்லை. தேவையில்லாமல் மேலும் இரண்டு விஷயங்கள் சொன்னார்; இரண்டாவது முதலாவதை வெட்டியது. எழுந்திருக்கும்போதுதான் சீனிவாசகம் தளத்தைப் பற்றிக் கேட்டார். அதன்மேல் ஏன் இன்னும் ஷெட் கட்டவில்லை?

வெள்ளைத்துரையின் கையில் கிளாஸ் நின்றது. “சீசன் முடியட்டும்னு விட்டோம்.”

தீபாவளி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுத்த சீசனுக்கு ஆர்டரே பிடித்துவிட்டார்கள் என்று தன் சித்தப்பா சொன்னதாக ஐஸ்வர்யா மெதுவாக நினைவூட்டினாள். வெள்ளைத்துரை சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் மூடவில்லை.

சிவகாசி போகும் பஸ்ஸில் ஐஸ்வர்யா விரலை மடக்கினாள். ஒருத்தி தவறான திசையில் நிலாவைப் பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே தவறான திசையில் ஒரே நிலாவைப் பார்த்தால் அது கண் கோளாறு இல்லை, காப்பி. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?

“முதல்ல சொன்னது மாரிசெல்வி,” என்றார் சீனிவாசகம். பஸ் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. அடுத்த வார்த்தை சிவகாசியில்தான் வந்தது.

*

ஐஸ்வர்யாவின் சித்தப்பா மணிகண்டராஜ் காலண்டர் அச்சடிக்கிறவர். பிப்ரவரியில் அச்சகம் அடங்கிக் கிடந்தது. பெரிய மிஷின்கள் துணி போர்த்தி நின்றன. மை வாசனையும் பசை வாசனையும் கலந்த அந்தக் கூடத்தின் மூலையில், விற்றுத் தீர்ந்த வருடங்களுக்கு ஒரு அலமாரி இருந்தது. வருடத்துக்கு ஒரு பிரதி. அவர் 2000-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டுச் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீனிவாசகம் ஜூன் கடைசியிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். யாரும் கிழிக்காத நாட்கள். சுவரில் தொங்காத, யார் வீட்டிலும் விடியாத நாட்கள். ஒரு வருடம் முழுக்க இப்படி ஒரு அலமாரிக்குள் உயிரோடு இருக்கிறது என்பது அவரை ஏனோ சங்கடப்படுத்தியது. முனியராஜ் நடந்துபோன நாளும் இதற்குள்தான் எங்கோ இருக்கிறது, ஒரு தாளின் கனத்தில்.

ஜூலை மூன்றில் நின்றார். அன்றைய பிறை சூரியனைத் தொட்டுக்கொண்டு மேற்கே இறங்கும். எட்டரைக்கு அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். அந்த நேரத்தில் வானத்தில் நிலாவே கிடையாது. வெள்ளைத்துரை அன்று எந்தப் பிறையையும் பார்த்திருக்க முடியாது.

“மாரிசெல்வியும்தானே பார்த்திருக்க முடியாது?” என்றாள் ஐஸ்வர்யா.

அதுதான் அவரையும் குடைந்தது. கிழக்கே பிறை விடியற்காலையில் வரும், தேய்பிறையாக. ராத்திரி எட்டரைக்குக் கிழக்கே ஒரு பிறை எந்த மாதத்திலும் எந்த வருடத்திலும் நிற்காது. பொய் சொல்ல நினைப்பவள் எல்லோரும் நம்புகிற இடத்தில் நிலாவை வைப்பாள். கிழக்கே கொண்டுபோய் வைக்கமாட்டாள். பார்த்திருந்தால் மட்டுமே அவ்வளவு தப்பாகச் சொல்ல முடியும்.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐஸ்வர்யா ஒரு பொட்டலம் காராச்சேவைத் தின்று முடித்து, தாளில் மிச்சமிருந்த தூளையும் தட்டிக் கொட்டிக்கொண்டாள். சித்தப்பாவுக்குத்தான் அந்த அமைதி தாங்கவில்லை.

“நீங்க பிறையத் தேடுறீக. எங்க காலண்டர்ல பிறை கிடையாது சார். நிலாவுக்கு எங்கட்ட ரெண்டே படந்தான். முழு வட்டம் ஒண்ணு, கறுத்த வட்டம் ஒண்ணு.”

சீனிவாசகத்தின் விரல் மீண்டும் தாள்களைத் தள்ளத் தொடங்கியது. இப்போது வேகமாக. வெற்று நாட்களைத் தாண்டி, பதினாறாம் தேதியில் நின்றது. ஞாயிறு. முழு வட்டம். பௌர்ணமி. பௌர்ணமி என்பதாலேயே எல்லோரும் புரட்டித் தள்ளிய தாள். வட்டத்துக்குக் கீழே, ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவே, எறும்பு ஊர்வதுபோலச் சிறிய எழுத்தில் ஒரு வரி. சந்திர கிரகணம். மாலை 5.27-க்குப் பிடித்து இரவு 9.24-க்கு விடும். முழுதாக மறைவது 6.32 முதல் 8.19 வரை.

“ஐஸ்வர்யா, அன்னைக்கு நிலா உதிக்கும்போதே மறைஞ்சிருந்தது,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “பௌர்ணமியன்னைக்குக் கிழக்கே நிலா இல்லாத இருட்டு. எட்டு பத்தொன்பதுக்கு அடி விளிம்பு மட்டும் வெளியே வருது. எட்டரைக்கு அது எப்படி இருக்கும்?”

அவள் கையிலிருந்த காகிதம் கசங்கியது. “மல்லாத்தின கிண்ணம் மாதிரி. கிழக்கே.”

“மேற்கே நிக்கிற மூணாம் பிறை மாதிரியே. அதை அவ நிஜமாப் பார்த்திருக்கா. வெள்ளைத்துரை பார்த்தது அவ வாக்குமூலத்தை. அவ சொன்ன பிறையையும் போலீஸ் போட்ட தேதியையும் வாங்கித் தன்னோடதா வச்சுக்கிட்டாரு. வீட்டை விட்டு வந்த முனியராஜைத் தன் கண்ணுக்கு எட்டுற இடத்துல, ஏதோ ஒரு குடோன்ல தங்க வச்சிருந்து, ஞாயித்துக்கிழமை கணக்குல வராத திருட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்கணும். கிரகணம். தெருவுல ஒரு ஆள் இருக்காது.”

எட்டரைக்கு உள்ளே போனவன். ஒன்பதுக்கு வெடித்த ஷெட். எட்டு நாளில் போட்ட தளம். யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மணிகண்டராஜ் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார், எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

“ஆனா ஒண்ணு இடிக்குது சார்,” என்றாள் ஐஸ்வர்யா சற்றுக் கழித்து. “கிரகணம்னு ஊருக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? தேதிய ஏன் மறைச்சா?”

*

தங்கத்தாயை வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

மாரிசெல்வி வீட்டு வாசலில் அவள் மாமியார் கருப்பம்மாள் தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தொட்டிலில் குழந்தை. மூன்று மாதம். மாரிசெல்வி தூக்கி மடியில் வைத்தபோது அதன் மேலுதடு நடுவில் பிளந்திருப்பது தெரிந்தது. பால் குடித்த ஈரம் மூக்குவரை போயிருந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்தபடியே அந்த முகத்தை மறைத்தும் வைத்துக்கொண்டாள்.

ஐஸ்வர்யாவின் முகத்திலிருந்து விளையாட்டு இறங்கிப் போனது. மூன்று மாதத்துக்கு முன் பிறந்த பிள்ளை. ஜூலையில் இவள் ஐந்து மாதக்காரி. கிரகணத்தன்று வெளியே வந்த கர்ப்பிணிக்கு உதடு பிளந்த பிள்ளை பிறக்கும் என்பது இந்தத் தெருவில் எல்லோரும் நம்புகிற விஷயம். கேட்க வந்த கேள்விக்கு விடை மடியில் படுத்திருந்தது.

சீனிவாசகம் தரையைப் பார்த்தபடி கேட்டார். “நீங்க பார்த்தது ஜூலை பதினாறு. சரியாம்மா?”

மாரிசெல்வி வாசல் பக்கம் பார்த்தாள். வாசலில் கருப்பம்மாளின் பசைக்குச்சி நின்றிருந்தது.

“நான் பொய் சொல்லலங்க,” என்றாள் கடைசியில். “பிறை மாதிரிதான் இருந்துச்சு. பிறைன்னுதான் சொன்னேன். அவரு காலண்டரப் பார்த்துத் தேதி போட்டாரு. நான் இல்லன்னு சொல்லல, அம்புட்டுத்தான்.”

தங்கத்தாய் ஆகஸ்டில் வீடு வீடாக அழுதுகொண்டு வந்தபோது முழுதாக மறைக்கவும் மனசு வரவில்லை, முழுதாகச் சொல்லவும் தைரியம் வரவில்லை என்றாள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பாதியையும் சொன்னதற்காகப் பயந்தாளாம். அன்று அவளைச் சாயங்காலமே உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, ஜன்னல் பக்கம் போகக்கூடாது.

“அப்புறம் எதுக்கு வெளியே வந்தீங்க?” என்றார் சீனிவாசகம்.

மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருடம் கேள்வி கேட்டுப் பழகிய மனிதர் பதிலுக்குக் காத்திருந்தார். இந்தப் பதில் ஒரு ஆணிடம் வராது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஐஸ்வர்யா அவள் அருகே போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் கழிப்பறை கிடையாது. தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. பெண்களுக்கு இருட்டும் வேலியோரமும்தான்.

“அஞ்சு மணியில இருந்து உள்ள,” என்றாள் ஐஸ்வர்யா தாழ்ந்த குரலில். “அஞ்சு மாச வயித்தோட எம்புட்டு நேரந்தான் அடக்குவீக?”

மாரிசெல்வியின் கண்கள் நிறைந்தன. நிலா மறைந்து கும்மிருட்டாக இருந்ததால்தான் துணிந்து பின்வாசல் வழியாகப் போனாளாம். எழுந்திருக்கும்போது வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது. கிழக்கே அந்தக் கீற்று. அது தன் வயிற்றைப் பார்ப்பதுபோல இருந்தது என்றாள்.

வாசலிலிருந்து கருப்பம்மாளின் குரல் வந்தது. “அப்ப வெளிய போயிருக்க.”

“போனேன் அத்தை.”

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மதுரையில் டாக்டர்கள் தைத்து நேராக்கிவிடுவார்கள் என்று ஐஸ்வர்யா சொன்னாள். கருப்பம்மாள் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குழந்தையை மருமகள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாரிசெல்வியின் கைகள் அப்படியே ஏந்தினபடி இருந்தன.

அந்தத் தளத்தை உடைக்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கோர்ட்டுக்கு இவள் வார்த்தை வேண்டும், தேதியோடு, கையெழுத்தோடு. சீனிவாசகம் அதைச் சொன்னார். கட்டாயப்படுத்தவில்லை. சொல்லிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

இவ்வளவு நேரமும் தங்கத்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குத் தேதி புரிந்துவிட்டது. அந்தத் தேதியில் என்ன வெடித்தது என்பதும், தளம் எதற்கு என்பதும் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. மாரிசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல.

மாரிசெல்வி காலியான மடியிலிருந்து முகத்தைத் தூக்கினாள்.

“வேலிச் சந்துல வெள்ளைத்துரை நின்னாரு அக்கா. சீக்கிரம் வாடான்னாரு. உங்க வீட்டுக்காரரு, ஒரு மணி நேரந்தான் நிப்பேன்னாரு. இன்னைக்கு வீட்டுக்குப் போயிரணும்ணே, அவ தனியா இருப்பான்னாரு.”

வெளியே குழந்தை சிணுங்கியது.

“ஏழு மாசமா நான் அவரு வாசலுக்கு வரும்போதெல்லாம் கதவைச் சாத்துனேன்,” என்றாள் தங்கத்தாய். பிறகு மெல்ல வந்து மாரிசெல்வியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னாரு? இன்னொரு தடவ சொல்லு மாரி.”

மாரிசெல்வி வாசலை ஒருமுறை பார்த்தாள். அங்கே குழந்தையோடு நின்றவள் திரும்பவில்லை. சீனிவாசகம் காகிதத்தை எடுத்தார். அவள் அவருக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படி, முதலிலிருந்து, கிரகணத்தன்னைக்கு என்று தொடங்கிச் சொன்னாள்.